லாபம், ரெண்டு, மூணு

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, சாப்பிட்டு, இந்த மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்காவின் வண்டியில் ஊர் சுற்றிய தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் தங்கையின் வணக்கம்.

முன்னட்டையில் அக்கா சிரிக்கிறார். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். "ஒரு போட்டோ புடிக்க இவ்ளோ நேரமா? இதுக்குள்ள நான் திருப்பதிக்கே போய்ட்டு வந்துருப்பேன்" என்று படம் எடுத்தவரிடம் சண்டை பிடித்துவிட்டு, அவர் முழித்த முழியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. சாதாரணமாக அக்காவின் முகம் சிடுசிடுவென்றுதான் இருக்கும். நினைவு மலர் என்றால் மறைந்தவர் பொறுமையின் சிகரம் என்று எழுதுவது வழக்கம். என் அக்காவுக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. அந்தக் குணத்தால் எங்களுக்கு ஒன்பது வருடம் வீணாகப் போனது.

அதையெல்லாம் எழுதாதே, நல்லதை மட்டும் எழுது என்று பாவா சொன்னார். பாவா என்றால் அக்காவின் கணவர். அக்காவின் நல்லதை எழுதவேண்டும் என்றால் என்னுடைய கெட்டதையும் எழுதித்தான் ஆகவேண்டும் பாவா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது பள்ளிப்பட்டுக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில். எங்கள் நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அறுவடைக் காலத்தில் களத்தில் நெல் அளக்க நைனாவைத்தான் கூப்பிடுவார்கள். மரக்காலில் முதல் அளவை அளந்து கொட்டும்போது நைனா "ஒண்ணு" என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார். அதன்பிறகுதான் ரெண்டு, மூணு. அந்தப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் அப்படித்தான் அளப்பார்கள். எண்ணத் தொடங்கும் முதல் வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்கவேண்டுமாம். அக்கா எண்ணக் கற்றது அந்தக் களத்தில். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எண்ணச் சொன்னபோது "லாபம், ரெண்டு, மூணு" என்று சொல்ல, வகுப்பு முழுதும் சிரித்ததாம். அக்கா அசரவில்லை. "எங்க நைனா அப்படித்தான் சொல்றாரு. வேணும்னா வந்து அவர கேளுங்க" என்று டீச்சரிடமே சொன்னாராம். இதை அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பத்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. திருத்தணியில் வாழ்க்கைப்பட்டு வந்தார். பாவா அப்போது ஆர்.கே.பேட்டையில் ஒரு விசைத்தறி முதலாளியிடம் நூல் மூட்டை ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நகல் எடுப்பது, மனு எழுதுவது, கம்ப்யூட்டரில் ரயில் டிக்கெட் போடுவது எல்லாம் அங்கே பழகியதுதான். நான் கல்லூரி முடித்து, சென்னைக்கு மின்சார ரயிலில் போய்வருகிற ஓர் அலுவலக வேலையில் சேர்ந்ததும் அந்த ஜெராக்ஸ் கடைச் சம்பளத்தால்தான். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது அதைப்பற்றி இழுத்தால், "ஏன், எந்தங்கச்சி ஒருத்தி பத்தாதா, உயிர வாங்க?" என்று வாயை அடைத்துவிடுவார்.

வண்டித் தொழில் ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது.

ஒரு நாள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, கணவரின் இறப்புச் சான்றிதழை நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழ் கொஞ்சம் உடைந்து உடைந்துதான் வரும். இந்தக் கட்டுரையில் அவரைப் பள்ளிப்பட்டு அம்மா என்றே சொல்கிறேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, ராமேஸ்வரம் டூர் போகிற பஸ்ஸில் தனக்கு மட்டும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறார். "ரெண்டு ரெண்டு பேரு சீட்டாம். ஒத்தையா வந்தா ஆவாதாம்." அக்கா விடுவாரா? நகலை அவர் கையில் திணித்துவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் டூர் ஆளிடம் போய் நின்றார்.

"ஏன்யா, இவங்க காசு காசில்லையா?"

"அதில்ல மா. பக்கத்துல எவன ஒக்கார வைக்கிறது? அதுவும் இல்லாம, தாலி அறுத்தவங்கள முன்னால ஏத்திகினு கெளம்புனா, மத்தவங்க இன்னா சகுனம்னு கேக்கமாட்டாங்களா?"

"உங்க அம்மா கீறாங்களாய்யா? அப்பாவுக்கு அப்புறமும் கீறாங்களா? அவங்க எதிர்ல வந்தா நீ ஊட்டுக்குத் திரும்பிப் போய்டுவியா?"

"அவ்ளோ அக்கற இருந்தா நீயே ஒரு வண்டி போடு மா."

"போடறேன்யா!"

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாவாவிடம் அக்கா சொன்னது இது: "வாய உட்டுட்டேன். இனிமே வண்டி போட்டே ஆவணும்." பாவா சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். "ஆங், போட்லாம். மொதல்ல கொஞ்சம் ரசம் ஊத்து" என்றாராம்.

உலகமே நம்ம மலைக்கு வருது, நம்ம ஊர் பொம்பளைங்க எங்கேயும் போனதில்லை என்று அக்கா அடிக்கடி சொல்வார். உண்மைதான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி காவடியாக வந்து இறங்குகிற கூட்டத்துக்குச் சோறு ஆக்கியும் பூ கட்டியும் வாழ்ந்தவர்கள் திருச்செந்தூர்க் கடலைப் பார்த்ததில்லை. தனியாக இருக்கிற பெண்களுக்கு மட்டும் ஒரு வண்டி என்பதுதான் அக்காவின் யோசனை. கணவரை இழந்தவர்கள், கல்யாணம் ஆகாமலே நின்றுவிட்டவர்கள், பிரிந்து வந்தவர்கள். இரண்டு பேர் இருக்கையில் போகும்போது ஒருவருக்கு ஜன்னல், வரும்போது மற்றவருக்கு ஜன்னல். அந்தச் சட்டத்தை மீறினால் யாராக இருந்தாலும் அக்கா எழுப்பிவிடுவார்.

யோசனை எளிது, செய்வது கடினம். வேன் வைத்திருக்கிற யாரும் வாடகைக்குத் தரவில்லை. ஒருவர் தர ஒப்புக்கொண்டால் அவருடைய டிரைவர் வரவில்லை. ஸ்டாண்டில் அதற்கு 'அறுத்தவங்க வண்டி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கடைசியில் பாவா நூல் வண்டி வேலையை விட்டுவிட்டு, "நான் ஓட்டறேன். எனக்கு சகுனம் கிகுனம் ஒண்ணும் இல்ல. உன்ன கட்டுன அன்னிக்கே எல்லாம் பாத்தாச்சு" என்றார். பெயர்ப் பலகை எழுத வந்தவர் "முருகன் துணையா மா?" என்று கேட்டார். "முருகன் எல்லா வண்டியிலயும் கீறாரு. வெறும் துணைன்னு எழுது" என்றார் அக்கா. துணை டிராவல்ஸ் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

அதற்குமேல் கஷ்டம், பெண்களை வீட்டிலிருந்து கிளப்புவது. பிள்ளைகள் விடவில்லை. டவுன் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய், மகன்களிடமும் மருமகள்களிடமும் அக்கா உட்கார்ந்து பேசினார். எல்லா வீட்டிலும் ஒரே வாக்குறுதிதான். "எண்ணி இட்டுகினு போவேன். எண்ணி இட்டாருவேன். ஒரு தல கொறைஞ்சாலும் என்ன கேளுங்க." அந்த வார்த்தையை நம்பித்தான் அனுப்பினார்கள். இருபத்தொரு பேர் சேர மூன்று மாதம் ஆனது.

முதல் பயணம் கிளம்பிய காலையில் நானும் போயிருந்தேன். ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அக்கா வேண்டுமென்றே பள்ளிப்பட்டு அம்மாவை முதல் இருக்கையில், வண்டிக்குள் ஏறுகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் உட்காரவைத்தார். எல்லாரும் ஏறியபிறகு, அவர் தோளில் கையை வைத்து, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"லாபம்!"

பிறகு அடுத்தவர் தோளில் ரெண்டு, அடுத்தவருக்கு மூணு. இருபத்தொண்ணு என்று பின்னால் போய் முடித்தார். பள்ளிப்பட்டு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். வீட்டுக்காரர் போனபிறகு அவரை யாரும் தொட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையாம். கொஞ்ச நாளில் ஸ்டாண்டில் 'அறுத்தவங்க வண்டி' என்ற பேச்சு போய், 'லாபம் வண்டி' என்ற பெயர் வந்தது. கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

எண்ணுவதுதான் அந்தத் தொழிலின் உயிர். கோயில்களில் மொட்டை போட்டு, மஞ்சள் புடவை கட்டி, சந்தனம் பூசி வந்து நின்றால் யார் யார் என்று முகம் தெரியாது. பழனியில் ஒரு பாட்டி, மொட்டையடித்த தன் சொந்தத் தங்கையைப் பார்த்து, "யார் மா நீ, எங்க வண்டில ஏர்ற?" என்று இறக்கிவிடப் பார்த்த கதை உண்டு. அதனால் முகத்தை நம்பாதே, தலையை எண்ணு என்பார் அக்கா. எங்கே நிறுத்தினாலும், எண்ணி முடிக்காமல் பாவா சாவியைத் திருப்பமாட்டார்.

இனி என் கதை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், திருச்செந்தூர்ப் பயணத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அன்றும் இருபத்தொரு பெண்கள். தரிசனம் முடிந்து கிளம்பும்போது அக்காவுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. கடைசி இருக்கையில் படுத்துவிட்டார். "பாப்பா, நீ எண்ணிடு. லாபம்னு ஆரம்பி, இல்லன்னா ஒருத்தரும் ஒத்துக்கமாட்டாங்க" என்றார். அக்கா என்னை எப்போதும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அந்த லாபம் சொல்லக் கூச்சமாக இருந்தது. நான் படித்தவள், ஆபீஸ் போகிறவள். சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன். பாவா ஸ்டியரிங்கில் இருந்து திரும்பி, "மொதல்ல என்ன தொட்டு சொல்லு பாப்பா, எனக்கும் கொஞ்சம் லாபம் வரட்டும்" என்று கிண்டல் செய்தார். நானும் விளையாட்டாக அவர் தோளில் தட்டி "லாபம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பினேன். லாபத்துக்கு அடுத்தது ரெண்டு. முதல் இருக்கையில் ஒரு மஞ்சள் பை மட்டும் இருந்தது. அதற்கு அடுத்த அம்மா, கடலில் குளித்த அசதியில் கண்ணை மூடியிருந்தார். அவரைத் தொட்டு "ரெண்டு" என்றேன்.

இருபத்தொண்ணு சரியாக வந்தது. "வண்டிய எடுங்க பாவா" என்றேன்.

புரிகிறதல்லவா? டிரைவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். நான் அவரை முதல் ஆளாகச் சேர்த்து எண்ணிவிட்டேன். பையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. வண்டிக்குள் இருந்தது இருபது பேர். வெளியே நின்றது பள்ளிப்பட்டு அம்மா.

ஒரு மணி நேரம் கழித்து, திருநெல்வேலிக்குக் கொஞ்சம் முன்னால் டீ குடிக்க நிறுத்தினோம். அக்கா தள்ளாடி எழுந்து வந்து, பழக்கத்தில் எண்ணினார். இருபது. மறுபடி எண்ணினார். இருபது. முதல் இருக்கையில் இருந்த மஞ்சள் பையைத் தூக்கிப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பாவா டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியைத் திருப்பினார். போகிற வழியெல்லாம் அக்கா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அம்மாவிடம் போன் இல்லை. செருப்புகூட வண்டியில்தான் இருந்தது. பேசவும் தெலுங்குதான்.

கோயில் பக்கத்தில் வண்டிகள் நிறுத்துகிற திடலுக்குப் போனோம். உச்சி வெயில். எங்கள் வண்டி நின்றிருந்த அதே இடத்தில், வெறும் மணலில், பள்ளிப்பட்டு அம்மா சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. திடலில் சீட்டு கிழிப்பவர் கோபமாக ஓடி வந்தார்.

"ரெண்டு மணி நேரமா இந்தம்மா எந்திரிக்க மாட்டேங்காவ. ஒரு வண்டிய உட மாட்டேங்காவ. கேட்டா ஒஸ்தாரு ஒஸ்தாருங்காவ. யாருங்க அந்த ஒஸ்தாரு? அவங்க மவனா? நானும் மைக்குல ஒஸ்தாரு எங்கிருந்தாலும் வரவும்னு மூணு வாட்டி சொல்லிட்டேன்!"

ஒஸ்தாரு என்பது ஆள் பெயர் இல்லை. தெலுங்கில் 'வருவாங்க' என்று அர்த்தம். வருவாங்க, வருவாங்க என்று சொல்லிக்கொண்டு, வண்டி திரும்பி வந்தால் நிற்க இடம் வேண்டுமே என்று அந்த இடத்தை எங்களுக்காகப் பிடித்து வைத்திருந்தார். காலெல்லாம் கொப்புளம்.

அக்கா ஓடிப்போய் அந்த மணலில் அவர் காலில் விழுந்தார். "நான்தான் தப்பா எண்ணிட்டேன் மா. காய்ச்சல்ல தப்பா எண்ணிட்டேன். மன்னிச்சிடு" என்று அழுதார். நான் வண்டிப் படியிலேயே நின்றிருந்தேன். "இல்லை, நான்தான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருத்தணி திரும்பும்வரை அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். ஊர் வந்து எல்லாரும் இறங்கியபிறகு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக நான்தான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"எல்லாம் உன் லாபத்தால வந்தது. ஒண்ணு ரெண்டுன்னு ஒழுங்கா எண்ணியிருந்தா இப்படி ஆவுமா? பட்டிக்காட்டுப் பழக்கம். ஊரான் நெல்லுக்கெல்லாம் லாபம் லாபம்னு சொல்லி நைனா இன்னாத்த கண்டாரு? நீ இன்னாத்த காணப் போற?"

நைனா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. "ரயிலுக்கு நேரமாச்சு பாப்பா. போ" என்றார். அவ்வளவுதான். அக்கா பதில் பேசாமல் விட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

அதன்பிறகு நான் வண்டியில் ஏறவில்லை. வீட்டுக்குப் போவேன், பொங்கலுக்குச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம், பேசுவோம். வண்டியைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் அக்கா போன் செய்வார்.

"பாப்பா, நாளைக்கு எண்ண வர்றியா?"

"ஆபீஸ் கீது அக்கா."

"சரி சரி."

இதுதான் பேச்சு. ஒன்பது வருடம் இதே பேச்சு. கடைசியில் அது எனக்குக் குத்திக்காட்டுவதுபோல இருந்தது. வேண்டுமென்றேதான் கேட்கிறாள் என்று பல்லைக் கடித்திருக்கிறேன். பாவி நான், வேறென்ன சொல்ல.

போன தை மாதம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் தினமும் ஆபீஸ் முடிந்து அங்கே போய்விடுவேன். படுக்கையில் இருந்தபடி அக்கா போனில் டிரிப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். நர்ஸிடமும் கட்டில் கட்டிலாகப் பக்கத்து நோயாளிகளிடமும் "குணமாயி வா, ஜன்னல் சீட்டு தர்றேன்" என்று சொல்லிவைத்தார். அந்த வார்டில் தனியாக வந்து படுத்திருந்த ஒரு பெண், அக்கா போனபிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சாப்பிட மறுத்துவிட்டாராம்.

கடைசி வாரத்தில் அக்காவுக்குக் குரல் மிகவும் குறைந்துவிட்டது. நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாப்பா. ஆடிக்கி ஒரு டிரிப் கீது. எண்ண வர்றியா?"

அன்றைக்கும் நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. "மொதல்ல கஞ்சிய குடி அக்கா" என்றேன். "சரி சரி" என்றார். அதற்கு நாலாம் நாள் விடியும் வேளையில் அக்கா போய்விட்டார். ஆங், வரேன் என்று ஒரு வார்த்தை. என்ன குறைந்திருக்கும் எனக்கு? சொல்லுங்கள்.

வீட்டில் அக்காவைக் கிடத்தியிருந்தபோது கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்தார்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்தும், இன்னும் உள்ளே எந்தெந்த ஊர்களிலிருந்தோ. யாரையும் எனக்குத் தெரியவில்லை. அவர்களில் ஓர் அம்மா அழுதுகொண்டே என் முகவாயைத் தூக்கிப் பார்த்து, "நீதானா அந்த தங்கச்சி?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா எல்லாரிடமும் சொல்லிவிட்டார், ஆளை விட்டுவிட்டு வந்த தங்கச்சி நான்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த அம்மா சொன்னார்: "பின்னாலருந்து எண்ற கணக்கு உன்னுதாமே மா. முன்னாலருந்து லாபம்னு ஒரு வாட்டி எண்ணுவாங்க. அப்புறம் கடைசி சீட்லருந்து ஒண்ணு ரெண்டுன்னு திருப்பி ஒரு வாட்டி எண்ணுவாங்க. ரெண்டும் ஒத்துப்போனாதான் வண்டி எடுப்பாங்க. இது இன்னா மா ரெண்டாங்கணக்குன்னு கேட்டா, 'இது எந்தங்கச்சி கணக்கு. அவ படிச்சவ. அவ சொல்லிக் குடுத்தது. இதனாலதான் இத்தினி வருஷமா ஒருத்தர கூட உட்டதில்ல'ன்னு சொல்வாங்க. அத்தினி பெரும மா உன்ன பத்தி."

வேறு இரண்டு பெண்களும் "ஆங், தங்கச்சி கணக்கு" என்று தலையாட்டினார்கள். ஒன்பது வருடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும். நான் கத்திய கத்தலை எனக்குப் பெருமையாக மாற்றி, ஊரறியச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். எண்ண வர்றியா என்று கேட்டது குத்திக்காட்ட இல்லை. என் கணக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, வந்து பார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். நான் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறைய. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. இரண்டு நாள் கடையை மூடிவிட்டு வந்து வேலை செய்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும், எங்கள் தெருவில் அடுப்பு மூட்டாமல் இருந்த எல்லா வீட்டாருக்கும் நன்றி. ஒரு காலத்தில் வண்டி தர மறுத்த அதே ஸ்டாண்டுக்காரர்கள், அக்காவை எடுத்துக்கொண்டு போன அன்று தங்கள் வண்டிகளை எல்லாம் வரிசையாக ஓரங்கட்டி, இறங்கி நின்றார்கள். அன்று அக்காவோடு சண்டை போட்ட அந்த டூர் ஆளும் வந்திருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நடந்தார். அவருக்கும் நன்றி.

கடைசி நன்றி இருபத்தொரு பேருக்கு.

அக்காவின் அஸ்தியைத் திருச்செந்தூர்க் கடலில்தான் கரைக்கவேண்டும் என்று பாவா சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் பால் தெளித்த மறுநாள் காலையில் வண்டியைத் துடைத்து நிறுத்தினார். நான் சிவப்புத் துணி கட்டிய அஸ்திக் கலயத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வண்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் பைகளோடு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அஸ்தி கரைக்கப் பொம்பளைங்க எதுக்கு என்று உறவில் ஒரு பெரியவர் கேட்டார். "அவளுக்கு சொந்தம்னா இவங்கதான் மாமா. நீங்க பின்னால கார்ல வாங்க" என்றார் பாவா. பள்ளிப்பட்டு அம்மாவும் வந்திருந்தார். வயதாகிவிட்டது, கைத்தடி வைத்திருக்கிறார். அவருடைய முதல் இருக்கையில் ஏறி உட்காராமல், என் கையிலிருந்த கலயத்தைக் காட்டி, "அக்கட பெட்டு அம்மாயி" என்றார். அங்கே வை பெண்ணே என்று. வைத்தேன். அவர் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உருளாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் ஏறியாயிற்று. பாவா வண்டியை எடுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"எண்ணு பாப்பா. எண்ணாம நான் எடுக்கமாட்டேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னால ஆவாது பாவா" என்றேன். பள்ளிப்பட்டு அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"நாக்கு தெலுசு அம்மாயி. எனக்கு தெரியும். அன்னிக்கி எண்ணுனது நீதான். பரவால்ல, எண்ணு. இன்னிக்கி நான் உள்ளதான் கீறேன்."

எண்ணினேன். என் கை தானாகவே கலயத்தின் மேல் போய் உட்கார்ந்தது. சிவப்புத் துணி இன்னும் ஈரமாக இருந்தது. "லாபம்" என்றேன். பள்ளிப்பட்டு அம்மா, ரெண்டு. அவருக்குப் பின்னால், மூணு. ஒவ்வொருவரும் தோளைக் காட்டினார்கள். பின்னால் போய் முடித்தபோது இருபத்திரண்டு. பிறகு கடைசி இருக்கையிலிருந்து என் கணக்கை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. பள்ளிப்பட்டு அம்மாவைத் தொட்டபோது இருபத்தொண்ணு. அதற்கு அடுத்து கலயம். என் கை அதன்முன் நின்றுவிட்டது. அதற்கு ஓர் எண் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ரெண்டும் ஒத்துப்போச்சா?" என்று பாவா கேட்டார்.

"ஒண்ணு இடிக்குது பாவா" என்றேன்.

பாவா முதல் இருக்கையில் இருந்த கலயத்தைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார்.